கொக்கு பாக்க எட்டு போதும்டா தம்பி

வா தம்பி, உக்காரு. திண்ணையில தூசி கெடக்கேன்னு யோசிக்காதே. ஒன் கால்சட்டையில ஏற்கெனவே எலையும் தழையும் மண்ணுமா அச்சடிச்சுத்தானே வச்சிருக்கான்? ஒரு பொட்டு நெசத் தூசி விழுந்தா இன்னும் பொருத்தமா இருக்கும். என்ன சொல்ற, பறவை கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சுக்க வாங்குனதா? தொப்பி தனியா? அது சரி.

அந்தா பாரு, வாய்க்காலுக்கு அந்தாண்ட டிராக்டர் ஓட்டுறானே, அவன் என்ன போட்டிருக்கான்? தேர்தலுக்கு எவனோ குடுத்த மஞ்சப் பனியன். அரை மைலுக்கு அந்தப் பக்கம் நின்னாலும் கண்ணு கூசும். ஆனா அவன் பின்னாடியே நாப்பது கொக்கு நடந்து வருது, கல்யாண ஊர்வலம் கணக்கா. சேறு பொரள்றப்ப புழு மேல வருதுல்ல, அதுக்கு. நீ வரப்புல காலை வச்சியோ இல்லையோ, அத்தனையும் எந்திரிச்சுப் பறந்துடுது. ஏன்? அவன் கொக்கைப் பாக்கல, அவன் பாட்டுக்கு உழுவுறான். நீ மொறச்சுப் பாத்துக்கிட்டே நேரா நடந்து வர்ற. அப்படி வர்றவனை எந்த உசிருதான் நம்பும்? கடன்காரனும் அப்படித்தான் வருவான்.

சட்டை கெடக்கட்டும், வுடு. கண்ணாடிக்கு வருவோம். பைனாகுலர் வாங்கணும், புள்ளகுட்டியோட போயி பறவை பாக்கணும், காசும் நெறையப் போகக் கூடாது. அதானே? இதுக்கா ரெண்டு மாசமா தூங்கல?

எம் பேரனும் இப்படித்தான். மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் உத்தியோகம். போன மார்கழியில பொண்டாட்டி புள்ளைங்களோட வடுவூர் ஏரிக்குப் போவணும்னு வந்தான். வடுவூர் தெரியுமுல்ல? தஞ்சாவூருலேர்ந்து மன்னார்குடி போற ரோட்டுல, ஏறக்கொறைய 25 கிலோமீட்டர். கோதண்டராமர் இருக்காரு. கபடி ஆடுற பயலுவ இருக்கானுவ. அந்தக் காலத்துல மர்ம நாவலா எழுதித் தள்ளுனாரே வடுவூர் துரைசாமி ஐயங்கார், அவரு ஊரு. ஒளிஞ்சு நின்னு பாக்குற வித்தை அந்த மண்ணுலயே இருக்குன்னு வச்சுக்கயேன்.

ஏரி என்னவோ எங்களுக்குப் பழைய ஏரிதான். மேட்டூருல தொறந்தா இங்க தண்ணி வந்து நெறையும். கோடையில காஞ்சு ஆடு மேயும். 1999ல அரசாங்கம் பறவைகள் சரணாலயம்னு போர்டு வச்சுது. 2022ல ராம்சார் பட்டமும் வந்துடுச்சு. ஈரான் தேசத்துல ராம்சார்னு ஒரு ஊராம், 1971ல அங்க கூடி ஈரநெலத்தையெல்லாம் காப்பாத்தணும்னு ஒப்பந்தம் போட்டாங்களாம். எங்க வீட்டுக் கிழவி இன்னும் 'ராமசாமி பட்டம்'னுதான் சொல்லுது. ராமரு ஊராச்சே, சொல்லிட்டுப் போவட்டும்.

பேரன் கதைக்கு வர்றேன். மூணு மாசமா வீடியோ பாத்தானாம். எந்தக் கண்ணாடியில எத்தனை பூச்சு, எத்தனை கிராமு, எத்தனை வருஷ உத்தரவாதம், எல்லாத்தையும் கட்டம் கட்டி எழுதி வச்சிருந்தான். பொண்ணு பாக்குறதுக்கே அந்தப் பய மூணு நாளுதான் எடுத்துக்கிட்டான். அவ்வளவும் எழுதுனவன் ஒண்ணே ஒண்ணு எழுதல. ஆள்காட்டி எப்படிக் கத்தும், முக்குளிப்பான் தண்ணியில முங்குனா எங்க எந்திரிக்கும், நாமக்கோழி நெத்தியில ஏன் நாமம்? அதெல்லாம் கட்டத்துக்குள்ள வரல. கல்யாணத்துக்குப் போறவன் பொண்ணு பேரத் தெரிஞ்சுக்காம பந்திப் பாய் அளவை மட்டும் எடுத்துட்டுப் போன மாதிரி.

சிரிக்காதே. நானும் ஏமாந்தவன்தான். முப்பத்தஞ்சு வருஷம் முந்தி, ஒரு திருவிழாக் கடையில ஒரு கண்ணாடி வாங்குனேன். பட்டாளத்துக்காரங்க வச்சிருக்குறதுன்னான். முன்பக்கக் கண்ணாடி ரெண்டும் செவசெவன்னு மாணிக்கம் கணக்கா மின்னுச்சு. அந்த செவப்புலதான் நான் விழுந்தேன். வீட்டுக்குக் கொண்டாந்து ராத்திரி நெலாவப் பாத்தா ரெண்டு நெலா! கிழவியக் கூப்பிட்டுக் காட்டுனேன். அது கண்ணாடிய வாங்கல, கிட்ட வந்து என் வாயத்தான் மோந்து பாத்துச்சு.

பொறவுதான் ஒரு வாத்தியாரு சொன்னாரு. ரெண்டு குழலும் ஒரே திசையப் பாக்கணும், ஒண்ணு இம்மி கோணினாலும் ரெண்டா தெரியும், தலைவலி வரும். செவப்புப் பூச்சு சும்மா பகட்டு. உள்ள போற வெளிச்சத்துல செவப்பத் திருப்பி அனுப்பிட்டு, பாக்குறதையெல்லாம் பச்சையாக் காட்டும். நல்ல பூச்சுன்னா கண்ணாடிய சாய்ச்சுப் பாத்தா மங்கலா பச்சையோ கத்திரிப்பூ நெறமோ அடிக்கும், உள்ள கெணத்தாட்டம் இருட்டாத் தெரியும். மொகம் தெரியிற மாதிரி பளபளத்துச்சுன்னா வெளிச்சம் உள்ள போவாம வாசல்லயே திரும்புதுன்னு அர்த்தம். விருந்தாளிய வாசல்லேர்ந்து திருப்பி அனுப்புற வீட்டுல சோறு எப்படி இருக்கும்?

இப்ப திருவிழாக் கடை செல்போனுக்குள்ள வந்துடுச்சு. '1000 மடங்கு', '60×60', 'பகல்-இரவு', 'ராத்திரியிலயும் தெரியும்'. வெல தொள்ளாயிரம் ரூவா. ராத்திரியில தெரியுமா? அந்த வரம் கூகைக்குத்தான் இருக்கு. வயல்ல பறவை தாங்கின்னு குச்சி நட்டு வச்சிருக்கோமே, பாத்தியா? கூகை வந்து அதுல குந்தி எலி புடிக்கத்தான். எங்க தஞ்சாவூர்க் கிட்டிப் பொறி எத்தனை எலிய நெரிச்சாலும், ஒரு கூகை குடும்பம் பண்ற வேலை தனி. அதுக்கே கண்ணால பாக்க மசமசப்பு கொஞ்சம் வேணும், இல்லாட்டி காது வேணும். தொள்ளாயிரம் ரூவா பிளாஸ்டிக்கு எப்படிடா ராத்திரியில பாக்கும்?

சரி, கணக்குக்கு வா. எந்தக் கண்ணாடியிலயும் ரெண்டு எண் போட்டிருப்பான். 8×42ன்னு வச்சுக்க. மொத எண் எட்டு. எண்பதடி தூரத்துல நிக்கிற கொக்கு பத்தடியில நிக்கிறாப்ல தெரியும், அவ்வளவுதான். ரெண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியோட வாய் அகலம், மில்லிமீட்டருல. எண்ணெய் ஊத்துற புனல் இருக்குல்ல? வாய் அகலமா இருந்தா சிந்தாம உள்ள போவும். வெளிச்சமும் அப்படித்தான்.

இப்ப 42ஐ எட்டால வகுத்துப் பாரு. அஞ்சேகால். கண்ணுக்கு வந்து சேர்ற வெளிச்ச வட்டம் அத்தனை மில்லிமீட்டர். பட்டப்பகல்ல ஒன் கண்ணு பாப்பா ரெண்டு மூணு மில்லிமீட்டருதான் தொறக்கும். விடியக்காலம் மசமசன்னு இருக்கறப்ப அஞ்சு, ஆறுன்னு விரியும். பறவை எப்ப நல்லா நடமாடும்? நீ போர்வைக்குள்ள கெடக்குற அந்த விடியக்காலம்தான். அதனாலதான் சட்டைப்பையில போடுற 10×25 வாங்காதேங்குறேன். அதை வகுத்தா ரெண்டரைதான் வருது. மத்தியானம் கிரிக்கெட் பாக்க சரி. மார்கழிப் பனியில அதுல பாத்தா எல்லாப் பறவையும் காக்காதான்.

எட்டு கொறச்சலா இருக்கே தாத்தா, பத்து வாங்குனா இன்னும் பெரிசாத் தெரியுமேங்குற. தெரியும். ஒன் கை நடுக்கமும் பெரிசாத் தெரியும். கண்ணாடி பறவைய மட்டுமா பெரிசாக்குது? ஏரிக்கரையில ஏறி மூச்சு வாங்குறப்ப ஒன் நெஞ்சு அடிக்குற அடி ஒவ்வொண்ணும் அதுல ஆடும். அதோட பத்து வாங்குனா பாக்குற அகலம் சுருங்கிப் போவும். ஆயிரம் மீட்டர் தள்ளி, எட்டுல 130, 140 மீட்டர் அகலம் தெரியும். பத்துல பெரும்பாலும் 110, அதுக்கும் கீழ. சின்ன புள்ள கையில குடுத்தா எதுல குருவி மாட்டும்? அகல வலையா, குறுகுன வலையா? பன்னெண்டு, பதினாறு, இருபதுன்னு போனா முக்காலி வேணும். முக்காலிய எவன் தூக்குறது? சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கு. திருகுனா எட்டு இருபத்தி நாலாவும், அந்த 'ஜூம்' வச்சது. தம்பி, எல்லாம் செய்றேங்குற மாடு ஏருக்கும் வராது, வண்டிக்கும் வராது. எல்லாப் பெருக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் கெடுத்துக்கிட்டு நிக்கும். அந்தப் பக்கமே போவாதே.

உருவத்துல ரெண்டு சாதி உண்டு. ஒண்ணு தோள்பட்டை அகலமா, முன்பக்கம் பிரிஞ்சு நிக்கும். பழைய சினிமாவுல கப்பல் தலைவன் கையில வச்சிருப்பானே, அது. உள்ள வெளிச்சம் நேரா வராது. மதகுல தண்ணி மடங்குற மாதிரி பட்டகத்துல மடங்கி மடங்கி வரும். 1854ல போரோன்னு ஒரு இத்தாலிக்காரரு கண்டுபுடிச்சது, அதனால போரோ. இன்னொண்ணு ரெண்டு குழலும் நேரா, புல்லாங்குழல் ரெண்டைச் சேத்துக் கட்டுனாப்ல. அது பாக்க சிக்குன்னு இருக்கும். ஆனா அதை நல்லா செய்ய செலவு புடிக்கும். கொறஞ்ச வெலையில ரெண்டையும் பக்கத்துல வச்சா, பழைய தோள்பட்டைக்காரந்தான் பெரும்பாலும் தெளிவாக் காட்டுவான். அழகு பாத்து நேர்க்குழல் வாங்காதே. மழைக்குப் பயந்து வாங்குறதுன்னா அது வேற சங்கதி, அப்புறம் சொல்றேன்.

கடையில சோதிக்கிற வித்தை ஒண்ணு சொல்றேன், காசு கேக்க மாட்டேன். கண்ணாடிய கண்ணுல வைக்காதே. கைய நீட்டி, வெளிச்சத்துப் பக்கம் காட்டி, பின்பக்கத் துவாரத்தைத் தள்ளி நின்னு பாரு. உள்ள ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். முழு வட்டமா, பௌர்ணமி கணக்கா இருந்தா உள்ள இருக்குற பட்டகம் நல்ல சாதி, 'பேக்-4'ம்பான். ஓரத்துல சதுரமா நறுக்குனாப்ல நெழலு தட்டுனா மட்டக் கண்ணாடி. கடைக்காரன் ஏன் இப்படிப் பாக்குறீங்கன்னு கேப்பான். மாட்டுக்குப் பல்லு பாக்க வேணாமான்னு கேளு.

அப்புறம் கடைக்குள்ளேயே நின்னு எதிர் சுவத்தப் பாத்துட்டு 'சூப்பர்'னு சொல்லிடாதே. வெளிய வா. தஞ்சாவூருல வாங்குறேன்னா பெரிய கோயில் விமானத்தப் பாரு. 1010ல ராஜராஜன் கட்டி முடிச்சது, இருநூறு அடிக்கு மேல. சும்மா கும்பிட்டுட்டு வந்துடாதே, மேல பொந்துல கிளி குந்தியிருக்கும், அதைப் பாரு. கல்லு விளிம்புல, வானத்த ஒட்டுன இடத்துல, ஊதாக் கோடு அடிக்குதா? ரொம்ப அடிச்சா வேணாம். ஓரத்துல இருக்குற பொம்மை கலங்கித் தெரியுதா? கொஞ்சம் கலங்கும், பரவால்ல. ரெண்டு நிமிஷம் பாத்துட்டு கண்ணு எடுத்தா நெத்தி வலிக்குதா? வலிச்சா வச்சுட்டு வந்துடு. ராஜராஜனே சிபாரிசு பண்ணாலும் வாங்காதே.

வெல? கேப்பேன்னு தெரியும். ஒலிம்பஸ்ல 8×40 ஒண்ணு இருக்கு, நிக்கான்ல அக்குலான்னு 8×42 இருக்கு. ரெண்டும் தோள்பட்டைக்காரந்தான். 6,000லேர்ந்து பத்துப் பன்னெண்டாயிரம் வரைக்கும், நாளுக்கு ஒரு வெல, கடைக்கு ஒரு வெல. குடும்பத்துக்கு அந்த வகை எதேஷ்டம். ஸ்வரோவ்ஸ்கி, சைஸ், லைகான்னு பெரிய வீட்டுப் புள்ளைங்க இருக்கு. லட்சத்துக்கு மேல போவும். மட்டம்னு சொல்லல. அதுல பாத்தா மீன்கொத்தி மூக்குல தொங்குற தண்ணிச் சொட்டு தெரியும். ஆனா லட்ச ரூவாக் கண்ணாடிய கழுத்துல மாட்டிக்கிட்டு எட்டு வயசுப் புள்ளகிட்ட 'தொடாதே, தொடாதே'ன்னு நாள் பூரா கத்தப் போறியா? அதுக்கு வீட்டுலயே இருந்துடலாமே.

அஞ்சு பேரு போற குடும்பத்துல ஒரு கண்ணாடி பத்துமான்னா, பத்தாது. வடுவூருல நடந்ததையே சொல்றேன். கொள்ளுப்பேத்தி பாக்கறதுக்குள்ள பாம்புத்தாரா முங்கிடுச்சு. அதுகிட்டேர்ந்து பையன் புடுங்குனான். பேரன் அதட்டுனான். அவன் பொண்டாட்டி மொகத்தத் திருப்பிக்கிச்சு. ஏரியில இருந்த அத்தனை நீர்க்காகமும் எங்களத்தான் வேடிக்கை பாத்துச்சுங்க. பன்னெண்டாயிரத்துக்கு ஒண்ணு வாங்குறதுக்கு ஆறாயிரத்துக்கு ரெண்டு வாங்குனா குடும்பத்துல சண்டை பாதியாக் கொறையும்.

சின்னதுங்களுக்கு வாங்குறப்ப கழுத்தப் பாரு. முக்கா கிலோ கனத்த எட்டு வயசுக் கழுத்துல மாட்டுறது குருவி தலையில பனங்காய் வைக்கிற கதை. 6×30, 8×30ன்னு சின்னது இருக்கு, அது போதும். இன்னொண்ணு, யாரும் சொல்ல மாட்டான். புள்ளைங்களுக்கு ரெண்டு கண்ணும் கிட்டக் கிட்ட இருக்கும். கண்ணாடிய நடுவுல மடக்குனா அது கண்ணளவுக்கு நெருங்கி வரணும். வரலைன்னா புள்ளைக்கு ஒத்தக் கண்ணுலதான் தெரியும். 'தெரியுதா பாப்பா?'ன்னு நீ கேப்பே. திட்டுவியேன்னு அது 'தெரியுது'ன்னு சொல்லும். எங்க வீட்டுல ரெண்டு நாளு அப்படித்தான் நடந்துச்சு.

மூக்குக் கண்ணாடி போட்டவன்னா, கண்ணு வைக்கிற எடத்துல ரப்பர் வளையம் இருக்கும், அதைத் திருகி உள்ள தள்ளிடு. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல பதினஞ்சு மில்லிமீட்டராவது விட்டு வச்சாலும் முழு வட்டம் தெரியிறதா பாத்து வாங்கு. என்னை மாதிரி கெழவனுக்கும் அதான் கணக்கு.

மழை சங்கதிக்கு வர்றேன்னேன்ல? இது டெல்டா தம்பி. ஐப்பசியில புடிச்சா கார்த்திகை முடியிற வரைக்கும் நெல்லு காய வைக்கவே எடம் கெடைக்காது. பறவை வந்து எறங்குறதும் அப்பத்தான். நான் சொன்ன ரெண்டும் மழைக்குன்னு செஞ்சது இல்ல. நனையாத சாதி வேணும்னா நேர்க்குழல்ல, உள்ள நைட்ரஜன் அடைச்சது இருக்கு. காசு கூட ஆவும். நான் என்ன சொல்றேன்? மழை பெய்யிறப்ப பறவையும் எலைக்கு அடியிலதான் குந்தியிருக்கும். நீயும் குடைக்குள்ள குந்து.

மழைய விட மோசம் பீரோ. மூடி மூடி வச்சா ஈரத்துல கண்ணாடிக்குள்ள பூஞ்சை படரும், செலந்தி வலை கணக்கா. மாத்திரை டப்பாவுலயும் செருப்பு டப்பாவுலயும் சின்னப் பொட்டலம் வருமே, 'தின்னாதே'ன்னு எழுதி, அந்த சிலிக்கா பொட்டலம் நாலஞ்சை காத்து போவாத டப்பாவுல போட்டு அதோட வை. அப்புறம் வேட்டி முனையால தொடைக்காதே. வேட்டியில இருக்குற புழுதி உப்புத்தாள் மாதிரி. மொதல்ல ஊது, மெல்லிசு பிரஷ்ஷால தட்டு, அப்புறம் அதுக்குன்னு உள்ள துணியால ஒத்து. நான் வேட்டியால தொடைச்சுத்தான் பேரன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். எழுபத்தாறு வயசுல ஒருத்தன் திட்டுனான்னா அது அவன்தான்.

வாங்கியாச்சா? இப்பத்தான் மெய்யான வேலை. கண்ணாடிய கண்ணுல வச்சுக்கிட்டு பறவையத் தேடாதே. ஊரே அதைத்தான் பண்ணுது. ஏரி பூரா தண்ணியும் வானமும் கிறுகிறுன்னு சுத்தும், பறவை மட்டும் கெடைக்காது. மொதல்ல வெறுங்கண்ணால பறவையப் பாரு. பாத்த கண்ண எடுக்காதே. கண்ணு அங்கயே இருக்கட்டும், கண்ணாடி தன்னால கண்ணுக்கு வரட்டும். நம்ம ஊருல கவண்ல குறி பாக்குறவன் கல்லையா பாக்குறான்? மாங்காயத்தானே பாக்குறான்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. ரெண்டு கண்ணும் ஒண்ணு போல இருக்குறது எவனுக்கும் இல்ல. வலது கண்ண மூடி, இடது கண்ணால ஒரு பலகை எழுத்தப் பாத்து நடுச்சக்கரத்தத் திருப்பு. தெளிஞ்சுதா? இப்ப இடது கண்ண மூடி, வலது கண்ணுகிட்ட தனியா ஒரு வளையம் இருக்கும், அதை மட்டும் திருப்பு. அவ்வளவுதான், இனிமே நடுச்சக்கரம் போதும். இதைச் செய்யாமதான் பாதிப் பேரு 'மட்டக் கண்ணாடி'ன்னு திட்டிக்கிட்டுத் திரியிறான். சூரியனை மட்டும் அதுல பாத்துடாதே. வெளையாட்டு இல்ல, கண்ணு அவிஞ்சு போவும். புள்ளைங்ககிட்ட முதல் பாடமா சொல்லு.

இவ்வளவு கேலி பண்றேனே, நான் பாத்த சங்கதி ஒண்ணையும் சொல்லிடுறேன். நத்தைகுத்தி நாரைய அறுபது வருஷமா பாத்தவன் நான். நடவு வயல்ல எறங்கி நத்தையா பொறுக்கும். நத்தை எங்க நாத்தத் திங்கும், அது நத்தையத் திங்கும், அதனால அதுமேல எங்களுக்குக் கோவமே கெடையாது. கண்ணாடியில பாக்குறேன், அது வாயை மூடியிருக்கு, ஆனா அலகுக்கு நடுவுல ஒரு சந்து. அது வழியா பின்னாடி இருக்குற தண்ணி பளிச்சுன்னு தெரியுது. அறுபது வருஷமா இது எனக்குத் தெரியாதுன்னா நம்புவியா? பேரன் புத்தகத்தப் பாத்து சொல்றான், குஞ்சுக்கு அந்த சந்து இருக்காதாம், வளர வளரத்தான் விழுமாம். கொள்ளுப்பேத்தி கண்ணாடிய மெதுவா என் பக்கம் திருப்பிச்சு. என் வாயத்தான் பாக்குது. 'தாத்தாவுக்கும் நடுவுல சந்து இருக்கு'ன்னு கத்துச்சு பாரு, ஏரியில இருந்த கொக்கெல்லாம் பறந்துடுச்சு.

அந்தக் குட்டிதான் இன்னொரு வித்தையும் கண்டுபுடிச்சுது. கண்ணாடியத் தலைகீழாத் திருப்பி, சின்னப் பக்கத்த எறும்புகிட்ட கொண்டுபோயி, பெரிய பக்கம் வழியா பாக்குது. பூதக்கண்ணாடி கணக்கா எறும்பு மீசை தெரியுது. நெல்லுப் பூவப் பாத்தேன் அதுல. எத்தனை போகம் அறுத்திருப்பேன். அந்தப் பூவோட மகரந்தப் பை தொங்குறத இப்பத்தான் பாக்குறேன்.

கண்ணாடி வந்துட்டா எல்லாம் தெரிஞ்சுடும்னு நெனச்சுடாதே. கோடியக்கரைக்குப் போனோம். 1967ல வச்ச சரணாலயம், 2002லயே ராம்சார் பட்டம் வாங்குனது. பூநாரை பாக்கப் போனோம், உப்பளத்துக்கு அந்தாண்ட. பேரன் பத்து மணிக்குத்தான் எழுப்புனான். வெயிலு ஏறிடுச்சு. கானல்ல பூநாரை அத்தனையும் எண்ணெய்ச் சட்டியில போட்ட அப்பளம் மாதிரி நெளியுது. எட்டும் உதவல, பக்கத்துல ஒருத்தரு லட்ச ரூவா கண்ணாடி வச்சிருந்தாரு, அதுக்கும் அதே அப்பளம்தான். அவ்வளவு தூரத்துக்கு முக்காலியில நிக்கிற ஒத்தக்குழல் தொலைநோக்கி வேணும், அதுக்கும் விடியக்காலம் வேணும். எத்தனை காசு குடுத்தாலும் கானல்கிட்ட எடுபடாது. ஆனா அலாரம் வச்சா எடுபடும். அங்க வெளிமானுங்கதான் சும்மாவே கண்ணு முன்னாடி நின்னு மானத்தக் காப்பாத்துச்சுங்க.

கரைவெட்டிக்கும் போயிப் பாரு, அரியலூர்ப் பக்கம். 2024ல அதுக்கும் ராம்சார் பட்டம் வந்துடுச்சு. அங்க பட்டைத்தலை வாத்து வரும். திபெத்து, மங்கோலியான்னு எங்கேயோ பொறந்து, இமயமலையத் தாண்டி வருது. தோளுல ஒரு பை கெடையாது. நீ நூறு மைலு வர நாலு பையோட வர்ற.

பொருளு பெருசில்லடா தம்பி. மா. கிருஷ்ணன்னு ஒருத்தரு இருந்தாரு, நாவல் எழுதுனாரே அ. மாதவையா, அவரு புள்ளை. காட்டுல அலைஞ்சு யானையெல்லாம் படம் புடிச்சவரு. அவரு கேமரா என்ன தெரியுமா? இங்க ஒரு துண்டு, அங்க ஒரு துண்டுன்னு சேத்து அவரே ஒட்டுப்போட்டது. 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பேரு வேற. அதுல கறுப்பு வெள்ளையில எடுத்த படத்த இன்னிக்கும் பாத்து வாய் பொளக்குறாங்க.

பொங்கலுக்கு 2015லேர்ந்து பறவை எண்ணுறாங்களே, கேட்டிருக்கியா? பொங்கல் பானை வச்சுட்டு, வாசல்ல கால் மணி நேரம் நின்னு, என்ன பறவை, எத்தனைன்னு எண்ணிப் போடணும். எங்க தெருவுல நானும் எண்ணுனேன். கரிச்சான் ஆறு, பனங்காடை ஒண்ணு, மடையான் பன்னெண்டு, மைனா எண்ண முடியல. செம்போத்து ஒண்ணு வேலிக்குள்ள கூவிச்சு, கண்ணுல படல. காதுல கேட்டதையும் சேத்துக்கலாமாம். அதுக்கு எத்தனை ரூவா கண்ணாடி வேணும் சொல்லு?

சரி, பொழுது எறங்குது. வர்றதுன்னா தையிலயே வந்துடு. மாசி போயி பங்குனி வந்தா வாத்துங்க வடக்க கெளம்பிடும், அப்புறம் கோடைக்கு ஏரியில ஆட்டத்தான் எண்ணணும். வரும்போது ஒன் கண்ணாடிய மறக்காம எடுத்துக்கிட்டு வா. பேரன் தன்னோட 8×42ஐ ரயில்ல தொலைச்சுட்டேன்னு நாலு மாசமா பொலம்பிக்கிட்டிருக்கான். அது நெல்லுப் பத்தாயத்துக்குப் பின்னாடி, சிலிக்கா பொட்டலம் போட்ட முறுக்கு டப்பாவுல பத்தரமா இருக்கு. அவன்கிட்ட சொல்லிடாதே. நீயும் கேக்காதே, தர மாட்டேன்.